சுவரை வைத்துத்தான் சித்திரம்

(சமூக நலப் பணிகளுக்கான மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றில், கோடைக்காலப் பயிற்சி மாணவர்களை வரவேற்றுச் சென்னையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நிறுவன இயக்குநர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் பொதுச் சுகாதாரத் துறையின் ஓய்வுபெற்ற இணை இயக்குநர் ஐயா அவர்களே, தம் மாணவர்களைத் தாமே அழைத்துவந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் இதழியல் துறைப் பேராசிரியப் பெருமக்களே, வடிவமைப்புப் பிரிவின் மூத்த ஓவியர் அவர்களே, எல்லாவற்றுக்கும் மேலாக இன்றைய நாளுக்கு உரியவர்களான பயிற்சி மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். உடல்நலம் குன்றியிருந்தபோதும் ஐயா அவர்கள் இங்கே வந்து அமர்ந்திருப்பது, இளையவர்கள்மீது அவர் கொண்டுள்ள பற்றுக்குச் சான்றாகும். அதற்கு இந்த அவையின் சார்பில் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்று செய்திகளைப் பேச எண்ணி வந்தேன். பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளை நாம் எப்படி அறிந்துகொள்வது என்பது முதலாவது. அவர்கள் இந்தத் துறையின் வரலாற்றிலிருந்து எதைக் கற்க வேண்டும் என்பது இரண்டாவது. சமூக ஊடகக் காலத்தில் இந்தப் பணி எப்படி மாறுகிறது என்பது மூன்றாவது.

அறிமுகம் என்றால் நாம் பெயரையும் கல்லூரியையும் கேட்கிறோம், எந்த மென்பொருள் தெரியும் என்று கேட்கிறோம், அதோடு நிறுத்திக்கொள்கிறோம். சென்ற ஆண்டு இதே நிறுவனத்தில் நடந்த ஒன்றை அம்மையார் என்னிடம் சொன்னார். டெங்குத் தடுப்புக்காகச் சுவரொட்டி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. சாக்கடையும் குப்பைமேடும் அதன்மேல் பறக்கும் பெரிய கொசுவுமாகப் படம் எழுதப்பட்டிருந்தது. மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பயிற்சி மாணவி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ‘எங்கள் தெருவில் சாக்கடையே இல்லை, ஆனாலும் டெங்கு வந்தது’ என்றார். எங்கே தண்ணீர் நிற்கும் என்று கேட்டபோது, கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லின் குழியையும், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும், மழைக்கு ஒதுக்கிவைத்த டயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பெரும்பாலும் முட்டையிடுகிறது என்பதும், முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும் என்பதும் இங்கே இருக்கும் ஐயாவுக்கு நன்கு தெரியும். அந்த அறிவியலை அந்தப் பெண் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து சொன்னார். படம் மாற்றப்பட்டது, சாக்கடை போய் ஆட்டுக்கல் வந்தது. அவருடைய வீடு எப்படிப்பட்டது, அங்கே தண்ணீர் எப்படி வருகிறது என்று தொடக்க நாளிலேயே யாராவது கேட்டிருந்தால், முதல் படமே அப்படி எழுதப்பட்டிருக்கும்.

நம் முன்னோர் ‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்றார்கள். நான் எந்த மேடைக்குப் போனாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. நீங்கள் எழுதப்போகும் சித்திரங்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் சுவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மாணவர்களிடம் நாம் கேட்கத் தயங்கும் கேள்விகள் சில உண்டு. இரண்டு மாதம் எங்கே தங்குகிறாய்? காலையில் சாப்பிட்டாயா? பேருந்துக்கும் ரயிலுக்கும் யார் பணம் தருகிறார்கள்? இவற்றைக் கேட்காமல் ஒரு பிள்ளையை அறிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

2015 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். உலகத்தின் வறுமையையும் வேலையின்மையையும் பற்றி நாள்தோறும் அறிக்கை வெளியிடும் ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலகத்துக்கு, நியூசிலாந்தைச் சேர்ந்த 22 வயது இளைஞர் ஒருவர் பயிற்சிக்கு வந்தார். ஊதியம் கிடையாது, தங்குமிடம் கிடையாது. உலகிலேயே வாழ்க்கைச் செலவு மிகுந்த நகரங்களில் ஒன்று ஜெனீவா. அந்த இளைஞர் என்ன செய்தார்? ஏரிக்கரைப் பக்கம் நீல நிறக் கூடாரம் ஒன்றை அடித்து அதில் தங்கினார். காலையில் அந்தக் கூடாரத்திலிருந்து சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து, கழுத்தில் ஐ.நா. அடையாள அட்டையுடன் வெளியே வருவார். அந்தப் படம் செய்தித்தாள்களில் வந்தது, உலகம் முழுவதும் பரவியது. ஊர்க்காரர்கள் சிலர், ‘எங்கள் வீட்டில் வந்து தங்கு தம்பி’ என்று அழைத்தார்கள். அவரோ ஐ.நா. வாயிலில் செய்தியாளர்களைச் சந்தித்துப் பயிற்சியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். ஊதியமில்லாமல் பயிற்சி மாணவர்களை வைத்துக்கொள்ளும் இந்த வழக்கத்தை உலகின் கண்ணில் படவைக்கும் எண்ணமும் தமக்கு இருந்ததைப் பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார். இருக்கட்டும், அதனால் அந்த வழக்கத்தைப் பற்றிய கேள்வி சிறிதும் குறைந்துவிடவில்லை. அவர் முதலில் விண்ணப்பித்தபோது, உன் செலவை நீயே பார்த்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு முடியாது என்று உண்மையைச் சொன்னார், இடம் கிடைக்கவில்லை. முடியும் என்று சொன்ன பிறகே கிடைத்தது. அவையோரே, இதை எண்ணிப் பாருங்கள். உண்மையைச் சொன்னவனுக்குக் கதவு அடைபட்டிருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020 முதல் தன் பயிற்சி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது. அமெரிக்க வெள்ளை மாளிகை 2022-இல்தான் தன் பயிற்சி மாணவர்களுக்கு ஊதியம் கொடுக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், தொழிற்சாலையில் பழகுநராகச் சேரும் இளைஞருக்கு உதவித்தொகையைச் சட்ட உரிமையாகவே ஆக்கிவைத்திருக்கிறது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. ஆனால் கல்லூரி விடுமுறையில் நம்மைப் போன்ற சிறு நிறுவனங்களுக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கிறார்கள்.

இரண்டாவது செய்தியான வரலாற்றையும் தொட்டுவிடுகிறேன். குடும்பக் கட்டுப்பாட்டுக்கான தலைகீழான சிவப்பு முக்கோணம் முதல் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ வரை நம் சுவர்கள் எத்தனையோ செய்திகளைப் பேசியிருக்கின்றன. 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அந்த இயக்கத்தின் தொண்டர்கள் சம்பளம் வாங்கினார்களா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வாங்கவில்லைதான்; ஆனால் அவர்கள் தம் ஊரிலேயே பாடம் நடத்தி, இரவில் தம் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தவர்கள். திருவாரூரிலிருந்தோ தேனியிலிருந்தோ சென்னைக்கு வரும் பிள்ளை விடுதிக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். ஊதியமில்லாப் பயிற்சி என்றால் அந்தப் பிள்ளை விண்ணப்பிக்கவே மாட்டாள். வீடு சென்னையிலேயே இருப்பவர்கள் மட்டும் வருவார்கள்; ஆட்டுக்கல்லைச் சொல்ல ஆள் இருக்காது. சுவரை வைத்துத்தான் சித்திரம்.

பணம் எங்கே இருக்கிறது என்று நிர்வாகத்தில் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நம் துறைக்கு வரும் திட்டங்களில் கணிசமானவை அந்தப் பணத்தில் நடப்பவை. அந்தத் திட்ட மதிப்பீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அச்சுச் செலவு, வாகன வாடகை, படப்பிடிப்பு, விழாவுக்குப் பூங்கொத்து எனத் தனித்தனி வரிகள் இருக்கும். பயிற்சி மாணவருக்கு என்று ஒரு வரி இருக்காது. அந்த வரியை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்; நிதி தருபவர் முன்னால் அதற்காகக் கூசாமல் வாதாடவும் வேண்டும்.

மூன்றாவது செய்திக்கு நேரம் இடம் தரவில்லை. அதை அடுத்துப் பேசவிருக்கும் பேராசிரியர் என்னைவிடச் சிறப்பாகச் சொல்வார்.

மாணவச் செல்வங்களே, இன்று பிற்பகல் உங்களுக்கு வழிகாட்டப்போகும் மூத்தவர்களோடு உட்காரும்போது, உங்கள் ஊரைச் சொல்லுங்கள், வீட்டைச் சொல்லுங்கள், தங்குமிடத்தில் இருக்கும் தொல்லையையும் தயங்காமல் சொல்லுங்கள். இயக்குநர் அம்மையார் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. இந்த மாத இறுதிக்குள், இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தங்குமிடச் செலவும் போக்குவரத்துச் செலவும் தர ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த கோடைக்கான அறிவிப்பு வரும்போது, மாத ஊக்கத்தொகை எவ்வளவு என்பதை அதன் முதல் வரியிலேயே அச்சிட வேண்டும். நன்றி, வணக்கம்.