அப்டேட்டுக்கு அப்புறம் பயாஸ்ல ஆப்ஷன் காணோமா? எஃப்9 அமுக்கறதுக்கு முன்னாடி பாருங்க

[காட்சி: சர்வீஸ் மேசை. நீலத் திரையோட ஒரு லேப்டாப். பக்கத்துல பிரிக்காத தட்டுவடை செட் பொட்டலம்.]

வணக்கம்ங்க. இந்த நீலத் திரையில கீழ என்ன எழுதியிருக்கு பாருங்க. "இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்." விண்டோஸுக்குத் தன்னோட டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியலைன்னு அர்த்தம். இதைக் கொண்டுவந்த பொண்ணு ஏற்காடு. இன்ஜினியரிங் மூணாவது வருஷம். இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ல இந்த லேப்டாப்பை மடியிலயே வெச்சுக்கிட்டு சேலம் வந்து இறங்கியிருக்காங்க. கடைக்குள்ள வந்ததும் முதல் வார்த்தை: "அண்ணா, ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுண்ணா. நாளன்னிக்கு புராஜெக்ட் ரிவ்யூ."

டிஸ்க் போகலை. அது நல்லாத்தான் இருக்கு. போனது வேற.

நடந்தது இதுதான். ராத்திரி விண்டோஸ் அப்டேட் வந்திருக்கு, அதோட சேர்ந்து ஃபர்ம்வேர் அப்டேட்டும், அதாவது ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடற பயாஸோட அப்டேட்டும், வந்திருக்கு. இப்பல்லாம் பயாஸ் அப்டேட்டுக்குன்னு யாரும் பென் டிரைவ் தூக்கிக்கிட்டு அலையறதில்லை. விண்டோஸே இறக்கி, ரீஸ்டார்ட்ல போட்டுடுது. இந்த லேப்டாப்ல விண்டோஸோட உபுண்டுன்னு இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் இருக்கு. காலையில பார்த்தா, வழக்கமா உபுண்டுவா விண்டோஸான்னு கேக்கற அந்தக் கறுப்பு மெனுவைக் காணோம். நேரா விண்டோஸ் திறக்குது. இந்தப் பொண்ணு பயாஸுக்குள்ள போய்த் தேடியிருக்காங்க. அங்கயும் உபுண்டு பேரு இல்ல. யாரோ ஒரு வீடியோவுல "எஃப்9 அமுக்குங்க, எல்லாம் சரியாயிடும்"னு சொல்ல, அமுக்கிட்டாங்க. செட்டிங் எல்லாத்தையும் கம்பெனி நிலைக்குத் திருப்பற கீ அது. அதுவரைக்கும் விண்டோஸாவது ஓடுச்சு. அதுவும் நின்னுடுச்சு.

[திரையில்: பழைய கம்ப்யூட்டர் போர்டு, வட்டமான பேட்டரி]

கொஞ்சம் பின்னாடி போவோம். 1984ல வந்த ஐபிஎம் பிசி ஏடியில கடிகாரச் சிப்புக்குள்ள 64 பைட் மெமரி இருந்துச்சு. பயாஸ் செட்டிங் எல்லாம் அதுக்குள்ளதான். கரன்ட் இல்லாதப்போ அதை உயிரோட வெச்சிருந்தது ஒரு பேட்டரி. அதைக் கழட்டி மாட்டினா எல்லாம் அழிஞ்சு புதுசாயிடும். இன்னிக்கும் நிறைய பேரு "செல்லைக் கழட்டி மாட்டுங்க"ன்னு சொல்றது அந்தப் பழக்கத்துலதான்.

[குளோசப்: லேப்டாப் போர்டு, ஸ்பட்ஜர் நுனியில ஒரு சிப்]

இப்ப இங்க பாருங்க. எட்டுக் கால் வெச்ச சின்னச் சிப். அரிசிமணி ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்ச மாதிரி. ஃபர்ம்வேர் இதுக்குள்ளதான் இருக்கு. பல லேப்டாப்ல இது 16 எம்பி இல்லன்னா 32 எம்பி. நாம மாத்தின செட்டிங்கும் இதுலயே ஒரு ஓரத்துல எழுதி வெச்சிருக்கும். ஃபிளாஷ் மெமரி, கரன்ட் இல்லாமலும் நிக்கும். அதனால செல்லைக் கழட்டினா கடிகாரம் கண்டிப்பா குழம்பும், செட்டிங் அழியும்னு சொல்ல முடியாது. நிறைய புது லேப்டாப்ல அந்த வட்டச் செல்லே கிடையாது.

அப்டேட் ஆகும்போது புது ஃபர்ம்வேர் இந்தச் சிப்புல ஏறுது. நம்ம செட்டிங் இருக்கிற ஓரத்தை அப்படியே விட்டாலும் விடும், துடைச்சாலும் துடைக்கும். புது வெர்ஷன்ல செட்டிங் எழுதற வரிசையே மாறியிருந்தா, பழசைப் படிக்கத் தெரியாம எல்லாத்தையும் கம்பெனி நிலைக்குக் கொண்டுபோயிடும். சார்ஜ் 80ல நிக்கிறதுக்கு வெச்ச அளவு, எஃப்என் கீ மாத்தி வெச்சது, இந்த மாதிரி சில்லறை விஷயம் காணாம போறது இப்படித்தான். போய்த் திரும்ப வெச்சுக்கலாம், பெரிய கதை இல்ல.

ஆனா "காணோம்"னு எங்கிட்ட வர்ற எல்லாமே அழிஞ்சு போனது கிடையாதுங்க. சிலது மறைஞ்சு கிடக்கும். சிலதைக் கம்பெனியே வேணும்னு எடுத்திருக்கும். எது எதுன்னு தெரியாம எஃப்9 அடிச்சா, அழியாம இருந்ததும் சேர்ந்து அழியும். இந்தப் பொண்ணுக்கு ஆனது அதுதான்.

[காட்சி: லேப்டாப்பை ஆன் பண்ணி எஃப்2வைத் தட்டுறது]

உள்ள போவோம். டெல்னா எஃப்2, எச்பினா எஃப்10, திங்க்பேட்னா எஃப்1. விண்டோஸ் ஓடுதுன்னா இந்தத் தட்டற வேலையே வேண்டாம். ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் கொடுங்க, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதுக்குள்ள யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். யூஇஎஃப்ஐங்கறது இன்னிக்கு இருக்கிற பயாஸோட பேரு.

இப்ப வர்ற பக்கம் அழகா இருக்கு. ஃபேன் படம், பேட்டரி படம், பெரிய எழுத்து. வேலைக்கு ஆகற ஒண்ணும் இல்ல. கீழ ஓரத்துல பொடி எழுத்துல "அட்வான்ஸ்டு மோட், எஃப்7"னு இருக்கு பாருங்க. அமுக்கினா முழு பயாஸும் திறக்குது. நான் பார்க்கிற "ஆப்ஷன் காணோம்" கேஸ்ல இது நிறைய. ஏசர்ல இன்னொரு விதம்: மெயின் பக்கத்துல நின்னு கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கினாத்தான் பல மாடல்ல விஎம்டி வரியே, அதாவது டிஸ்க்கை விண்டோஸுக்குக் காட்டற விதத்தை மாத்தற வரியே, தெரியும். கையெழுத்து இல்லாத புரோகிராமை ஆரம்பத்துல ஓட விடாத செக்யூர் பூட்டை மாத்தணும்னா அதுல முதல்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைக்கணும், அதுவரைக்கும் அந்த வரி மங்கலாவே கிடக்கும். அந்தப் பாஸ்வேர்டை மட்டும் எங்கயாவது எழுதி வெச்சுக்கோங்க, சாமி.

[திரையில்: அட்வான்ஸ்டு பக்கம், விஎம்டி செட்டப்]

அட்வான்ஸ்டுக்குள்ள விஎம்டி செட்டப். "எனேபிள்டு"ன்னு இருக்கு. நீலத் திரைக்குக் காரணம் இதுதான். இன்டெல் 11ம் தலைமுறையில இருந்து நிறைய லேப்டாப்ல எஸ்எஸ்டி டிஸ்க்கை இந்த விஎம்டி வழியாத்தான் காட்டும். இந்த லேப்டாப்ல சீனியர் ஒருத்தர் அதை அணைச்சுட்டு விண்டோஸையும் உபுண்டுவையும் புதுசா போட்டுக் கொடுத்திருக்கார். எஃப்9 அதை மறுபடி ஏத்திடுச்சு. விஎம்டி வழியா டிஸ்க்கைப் படிக்கிற டிரைவர் இந்த விண்டோஸுக்குத் தெரியாது, படுத்துடுச்சு.

சீனியர் அணைச்சார்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணு போன்ல இருந்துச்சு. அன்னிக்கு இன்ஸ்டால் பண்ணும்போது பயாஸ் திரையை ஒரு போட்டோ எடுத்து கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்கார். டியூப்லைட் குறுக்க விழுந்து பாதி தெரியலை. ஆனா "விஎம்டி... டிசேபிள்டு", அதுக்குக் கீழ, ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொண்ணை ஓட்ட உதவற விர்ச்சுவலைசேஷன் "எனேபிள்டு", அவ்வளவு தெரிஞ்சுது. அது போதும்.

ரெண்டையும் மாத்துறேன். எஃப்10, சேவ். விண்டோஸ் வந்துடுச்சு பாருங்க. அம்மணி முகத்துல இப்பத்தான் ரத்தமே வருது.

அடுத்து உபுண்டு. பூட் பக்கத்துல இருக்கிற பேரு வெறும் நேம் போர்டுதான். வீடு டிஸ்க்குல, பூட் ஃபைலுக்குன்னு ஒதுக்கின இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல இருக்கு. அப்டேட் கழட்டினது போர்டை மட்டும். "ஆட் நியூ பூட் ஆப்ஷன்" கொடுத்து, இஎஃப்ஐ ஃபோல்டர், அதுக்குள்ள உபுண்டு, அதுக்குள்ள ஷிம்எக்ஸ்64. இங்கதான் நிறைய பேரு பக்கத்துல இருக்கிற கிரப்எக்ஸ்64ஐத் தொட்டுட்டு "செக்யூர் பூட் விட மாட்டேங்குது"ன்னு அதையே அணைச்சுடறாங்க. ஷிம் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து வாங்கினது, வாசல்ல தடுக்காது. அந்தக் கறுப்பு மெனுவைக் காட்டற கிரப்பை உள்ள கூட்டிட்டுப் போறது அதோட வேலை. ஷிம்மையே எடுங்க, செக்யூர் பூட் பாட்டுக்கு இருக்கட்டும். இந்த ஆப்ஷன் இல்லாத பயாஸ்னா, உபுண்டு லைவ் பென் டிரைவ்ல போட்டு இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கமாண்டால இதையே செய்யலாம்.

[திரையில்: பிட்லாக்கர் நீலப் பக்கம், எண் கேக்குது]

இந்தப் பக்கம் வேற ஒரு லேப்டாப். பயாஸ்ல கை வெச்சதும், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேக்குது. அந்தப் பூட்டோட சாவியை வெச்சிருக்கிற டிபிஎம் சிப்பு "நேத்து இருந்த மாதிரி இல்லையே"ன்னு சந்தேகப்பட்டு பூட்டிக்கிச்சு. வாங்கும்போது எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல போனீங்களோ அந்தப் பக்கத்துல கீ இருக்கும். கடைக்காரர் தன் மெயில்ல செட்டப் பண்ணிக் கொடுத்திருந்தா அவர்கிட்டதான் இருக்கும், போய் உக்காருங்க. கீ கிடைக்கலைன்னா உள்ள இருக்கிறதை நானும் எடுக்க முடியாது, வேற எந்தக் கடையும் எடுக்க முடியாது. அதனால பயாஸ் தொடறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க. அப்புறம் "கிளியர் டிபிஎம்"னு ஒரு வரி பயாஸ்ல இருக்கும். கை அங்க போகவே கூடாது.

இனி கம்பெனியே ஆப்ஷனை எடுத்துட்ட கேஸ். இது என் சொந்தக் கதை. சேலத்து ஏப்ரல் உங்களுக்குத் தெரியும். என் லேப்டாப் சூட்டைக் குறைக்க பிராசஸரோட வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி வெச்சிருந்தேன். ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் அது வேலை செய்யலை, ஆப்ஷனும் இல்ல. ரெண்டு நாள் எல்லாப் பக்கமும் தேடினேன், கீயெல்லாம் அமுக்கிப் பார்த்தேன். கடைசியிலதான் தெரிஞ்சுது. 2019 டிசம்பர்ல பிளண்டர்வோல்ட்னு ஒரு ஓட்டையை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டாங்க. சாஃப்ட்வேர்ல வோல்டேஜை இறக்கி, ரகசியத்தைப் பாதுகாக்கிற இன்டெல் எஸ்ஜிஎக்ஸ் பகுதிக்குள்ள நடக்கிற கணக்கையே தப்பாக்கி ரகசியச் சாவியை எடுக்கிற வேலை. அதை அடைக்கத்தான் அந்தக் கதவையே பூட்டிட்டாங்க. பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம்னு பார்த்தா, ரோல்பேக் தடைன்னு அதுவும் முடியலை. ஃபேனைச் சுத்தம் பண்ணி, பிராசஸர் சூட்டைக் கடத்தற பேஸ்ட் மாத்திக்கிட்டு உக்காந்தேன். அதனால தேடறதுக்கு முன்னாடி ஸ்டார்ட்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பயாஸ் வெர்ஷனைப் பாருங்க, கம்பெனி சப்போர்ட் பக்கத்துல அந்த வெர்ஷனோட குறிப்பைப் படிங்க. ரெண்டு வரிதான் இருக்கும், ஆனா என் ரெண்டு நாளை அது மிச்சம் பண்ணியிருக்கும்.

மலைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. மழை பிடிச்சா ஏற்காட்டுல கரன்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. பாதி பேட்டரிக்கு மேல இருக்கும்போது, சார்ஜரும் குத்தி வெச்சு அப்டேட் போடுங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது திரை கறுப்பாயிடுச்சுன்னு பவர் பட்டனை அமுக்காதீங்க, அது தானா ரெண்டு மூணு தடவை அணைஞ்சு எரியும்.

[காட்சி: அந்தப் பொண்ணு தன் போன்ல பயாஸ் பக்கத்தை ஒண்ணொண்ணா போட்டோ எடுக்கறாங்க]

"டியூப்லைட்டை அணைக்கட்டுமாண்ணா, கிளேர் அடிக்குது"ன்னு கேட்டாங்க. அணைச்சோம். மெயின், அட்வான்ஸ்டு, பூட், செக்யூரிட்டின்னு பதினோரு போட்டோ. மலைக்குப் போற அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு, தட்டுவடை செட்டைப் பிரிச்சோம்.