மூன்று முறை எழுதிய ‘நலம்’

நேயர்களுக்கு வணக்கம். இலக்கியம், வரலாறு, தத்துவம் மாதிரியான கலைப் பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் இணையவழியாக எப்படி உருப்படியாக நடத்துவது என்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 2020-இல் ஊரடங்கின்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படிப் படித்திருப்பார்கள். பக்கத்து அறையிலிருந்து உங்கள் காதிலும் விழுந்திருக்கும். “கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?” என்பார் ஆசிரியர். பதில் வராது. சரி என்று அவரே மேலே பேசிக்கொண்டு போவார்.

அந்த இடத்தில்தான் வகுப்பு கைநழுவுகிறது என்று நினைக்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அது நேரில் நடந்த வகுப்பு. இணையத்தில் மைக்கைத் தேடித் திறக்கவே 3 விநாடி ஆகிவிடும். அதனால் நான் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். “யோசியுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று முன்னாடியே சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் இணைப்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பாடத்தைப் பேசிப் பதிவு செய்து போட்டுவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமானாலும், மாணவர்கள் பார்த்த நேரம் பெரும்பாலும் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அறிமுகத்துக்கு 6 நிமிடம் தாராளம். அப்புறம் வேண்டியது சேர்ந்து படிப்பது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: கலைப் பாடம் என்றால் சேர்ந்து படிப்பது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வரலாற்று வகுப்பு ஒன்றில் ஒரு பழைய குடும்பக் கடிதத்தை எல்லோரும் திறக்கக்கூடிய ஆவணமாகப் போட்டு வைத்தேன். ஒரே பக்கம்தான். போருக்குப் போன மகனுக்குத் தாய் எழுதியது. “ஆளுக்கு ஓர் இடத்தில் ஓரக்குறிப்பு எழுதுங்கள். வியாழக்கிழமை வரை நேரம்” என்றேன். முதல் நாள் எல்லாம் பொதுவான குறிப்புகளாகவே வந்தன. ‘உருக்கமான கடிதம்’, ‘தாய்ப்பாசம்’, இப்படி. இரண்டாம் நாள் இரவு, வகுப்பில் அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி, ஒரே ஒரு சொல்லை மஞ்சளாக்கி எழுதியிருந்தாள்: “‘நலம்’ என்று மூன்று முறை வருகிறது. எதற்கு மூன்று முறை?”

காலையில் பார்த்தால் அதன் கீழே பதினேழு பதில்கள். நலமாக இருப்பவர் ஒரு தடவை சொன்னால் போதாதா என்று ஒருவன். முதல் ‘நலம்’ மாட்டுக்கு, இரண்டாவது தங்கைக்கு, மூன்றாவது ‘எல்லோரும்’ என்று பொதுவாகப் போகிறது என்று எண்ணிக் காட்டினாள் இன்னொருத்தி. அப்புறம் ஒருவன் கேட்டான்: “அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?” பல ஆண்டுகளாக அந்தக் கடிதத்தைப் பாடமாக நடத்துகிறேன். அப்பா இல்லாததை நான் பார்த்ததே இல்லை. வியாழக்கிழமை வகுப்பில் ஒரு மணி நேரமும் அந்த ஒரு கேள்விதான் ஓடியது. தயார் செய்திருந்த ஸ்லைடுகளை நான் திறக்கவே இல்லை.

நேர் வகுப்பில் அந்த மாணவி கை தூக்கியிருப்பாளா? சந்தேகம்தான். சட்டென்று பேச வருகிறவர்களுக்கு வகுப்பறை வசதியான இடம். நிதானமாக யோசிக்கிறவர்களுக்கு இரண்டு நாள் வேண்டும், இணையம் அதைக் கொடுக்கிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பாடம் ஒலிபரப்பினார்கள். ஆனால் அதோடு விடவில்லை. மாணவர் எழுதி அனுப்பியதைப் படித்து, குறிப்பெழுதித் திருப்பி அனுப்ப ஒரு வழிகாட்டி ஆசிரியரையும் வைத்தார்கள். தூரத்திலிருந்து படிக்கிறவருக்கு, தன் எழுத்தை ஒருவர் உட்கார்ந்து படித்தார் என்பது தெரிய வேண்டும். நான் ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் போடுவதில்லை, முடியாது. வாரத்துக்கு ஐந்து பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் எழுதிய வரியையே எடுத்துச் சொல்லிப் பதில் எழுதுவேன். பருவம் முடிவதற்குள் எல்லோருக்கும் வந்துவிடும்.

தேர்வைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிவதாகக் கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுரையை இயந்திரமே எழுதிக் கொடுக்கும் காலம் இது. முடிந்த கட்டுரையை மட்டும் வாங்காமல் முதல் வரைவு, அதில் வந்த ஓரக்குறிப்புகள், திருத்திய வரைவு என்று படிப்படியாக வாங்குங்கள். கடைசியில் ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். அந்த மாணவி கேமராவை அணைத்துவிட்டு, அந்த அப்பாவைப் பற்றி என்னிடம் இருபத்தைந்து நிமிடம் பேசினாள். நன்றி, வணக்கம்.