மஸ்கட்: கடலின் அடித்தளம் மலையாக நிற்கும் ஊர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் நேயர்களே. எனக்குப் பின்னால் தெரிவது நம் கீழக்கரைக் கடற்கரை. இங்கிருந்து இராமநாதபுரம் வரை போனாலும் பனைமரத்தைவிட உயரமாக நிலம் எழுந்து நிற்பதைப் பார்க்க முடியாது. இந்தச் சமதரையில் வளர்ந்த நான், ஓமான் நாட்டின் தலைநகரான மஸ்கட்டில், ரூவி என்னும் பகுதியில் வேலை பார்க்கும் என் காக்காவை (அண்ணனை) காண ஜனவரியில் அங்கே சென்றபோது, எந்தத் தெருவில் திரும்பினாலும் அதன் முடிவில் ஒரு மலை நின்றதைக் கண்டு வியந்துபோனேன்.

அந்த மலைகளில் பசுமையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கரும்பழுப்பு நிறத்தில், வெட்டி வைத்தாற்போல் கூராக நிற்கும் ஹஜர் மலைத்தொடரின் இந்தப் பகுதி, ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த பாறை. சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவான அது, நிலத்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கியபோது, வழக்கம்போல் பூமிக்குள் அமிழாமல் அரேபிய நிலத்தின் மேல் ஏறிவிட்டது. நம் முன்னோர் மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்த ஆழத்தைவிடப் பன்மடங்கு ஆழத்தில் இருந்த பாறையை, அங்கே சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டுக் கையால் தொடலாம். நான் தொட்டேன், வெயிலில் சூடேறியிருந்த அதன் மீதிருந்து கையை எடுக்க வெகுநேரம் மனம் வரவில்லை.

முத்ராவின் கடலோரச் சாலையில் மாலையில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் துறைமுகமும், மறுபக்கம் மலையில் முதுகு சாய்த்த வெள்ளை வீடுகளும், பழைய சந்தையிலிருந்து வரும், தெற்கு ஓமானின் தோஃபார் பகுதிச் சாம்பிராணி வாசனையும் உங்களைத் திரும்ப விடமாட்டா. பழைய மஸ்கட்டில் போர்த்துக்கீசியர் 1580களில் கட்டிய ஜலாலி, மிரானி கோட்டைகள் உள்ளன. 2001இல் திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலில், 70 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் கொண்ட ஒரே கம்பளம் விரிக்கப்பட்டிருக்கிறது. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதால், நவம்பர் முதல் மார்ச் வரை செல்வதே நல்லது.

ஆனால் என் மனத்தில் நிலைத்தது, மலைக்கு அப்பால் நிஸ்வா நகரில் பார்த்த ஃபலஜ் தாரிஸ் என்னும் வாய்க்கால்தான். நிலத்தடி நீரையும் ஊற்று நீரையும் சரிவின் வழியே பேரீச்சந் தோப்புகளுக்குக் கொண்டுசெல்லும் இத்தகைய ஃபலஜ்களில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்து நேரம் கணித்து, முறை வைத்து அந்நீரைப் பங்கிட்டிருக்கிறார்கள். கண்மாய் மடையில் முறைத்தண்ணீருக்குக் காத்திருந்த நம் ஊர்ப் பெரியவர்கள் அதைப் பார்த்திருந்தால், மொழி தெரியாமலேயே புரிந்துகொண்டிருப்பார்கள்.