திட்டாமலே செய்யும் இனவெறி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். புண்படுத்தும் பேச்சும் இனவெறியும் ஒன்றா, வேறா என்பது தலைப்பு. வேறுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "கேட்டவர் மனம் புண்பட்டதா? அப்படியானால் அது இனவெறிதான், வேறு அளவுகோல் எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிப் போனார். நானும்தான் தட்டினேன். பேச்சு அவ்வளவு அழகு! சரி, அந்த அளவுகோலைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

ஒருவன் இன்னொருவனின் தாயைப் பழித்துப் பேசுகிறான். கேட்டவனுக்கு ரத்தம் கொதிக்கிறது. இதில் இனம் எங்கே வந்தது? பேசியவன் நாகரிகம் கெட்டவன், அவ்வளவுதான். இதை எதிரணியே ஒப்புக்கொள்ளும் என்பதால் இங்கே நிற்கப்போவதில்லை. எனக்கு மறுபக்கம்தான் முக்கியம். ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லாமல் இனவெறி நடக்குமா?

நடந்திருக்கிறது, நடுவர் அவர்களே. 1897-இல் லண்டனில் ஒரு மாநாடு. ஆசியர்களை உள்ளே விடக்கூடாது என்று ஆஸ்திரேலியாவில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகள் சட்டம் போடத் துடிக்கின்றன. பிரிட்டனின் குடியேற்ற நாடுகள் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் சொன்ன யோசனை என்ன தெரியுமா? தடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மகாராணியின் குடிமக்கள் யார் மனமும் நோகாதபடி வாசகத்தை அமைப்போம் என்றார்! அதற்குத் தென்னாப்பிரிக்கப் பகுதியில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்ற நாடான நேட்டாலை முன்மாதிரியாகக் காட்டினார். இந்தியர்களைக் குறிவைத்து அதே ஆண்டு அங்கே வந்த சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியுமா என்றுதான் கேட்டது. எவ்வளவு மரியாதை பாருங்கள்.

1901-இல் ஆஸ்திரேலியா அதே வழியில் போனது. கப்பலில் வந்து இறங்குகிறவரிடம் அதிகாரி 50 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை ஐரோப்பிய மொழி ஒன்றில் வாசிப்பார். கேட்டு, பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்று முடிவு செய்வது அதிகாரி. வந்தவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிகிறதா? கவலையில்லை, அவருக்குத் தெரியாத இன்னொரு மொழியில் வாசித்தால் போயிற்று. வெள்ளையர்களில் பெரும்பாலோரிடம் இந்தத் தேர்வு பக்கமே வரவில்லை. ஆசியர் வரக்கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அதிகாரி குரலை உயர்த்தக்கூடத் தேவையில்லை. "தேர்வில் தவறிவிட்டீர்கள், ஐயா" என்று சிரித்தபடியே திருப்பி அனுப்பலாம்.

எதிரணித் தலைவரின் அளவுகோலை இங்கே வைத்தால் என்ன காட்டும்? யாரும் திட்டவில்லை, ஆகவே இனவெறி இல்லை என்றுதானே! சேம்பர்லின் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், "நிறத்தைச் சொல்லி இழிவாகக் கூப்பிட்டால் இரண்டும்தானே?" என்றார். ஆமாம், இரண்டும்தான். மறுக்கவில்லை. ஆனால் இருமலும் காய்ச்சலும் சேர்ந்து வந்ததால் இருமலே காய்ச்சல் ஆகிவிடுமா?

ஐக்கிய நாடுகள் சபை 1965-இல் ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை, முதல் பிரிவிலேயே பாகுபாடு எது என்று வரையறுக்கிறது. இனம், நிறம், வம்சாவளி போன்றவற்றின் பேரில் ஒருவரை வேறுபடுத்தி, விலக்கி, அவருடைய சம உரிமையைக் கெடுப்பது. அதுவே நோக்கமாக இருந்தாலும் சரி, விளைவாக இருந்தாலும் சரி. மனம் புண்பட்டதா என்ற கேள்வியே அந்த வரையறையில் இல்லை.

அப்புறம், இரண்டையும் ஒன்றாக்கினால் யாருக்கு லாபம்? "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நழுவுகிறவர்களுக்குத்தான்! பேசிய வார்த்தைக்கு மன்னிப்புப் போதும். ஆனால் அந்த 50 சொல் தேர்வு 1958-இல் சட்டத்தை மாற்றிய பிறகுதான் ஒழிந்தது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியில் அடுத்து வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்தத் துறைமுகத்தில் எந்த அதிகாரி, எந்த வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்டிருந்தால் கதவு திறந்திருக்கும்?