எடுப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் அழுது ஓய்ந்ததும் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?" என்பதுதான். நீலகிரியில் அந்தக் கேள்விக்கு அவசரம் கூடுதல். மழைக்காலத்தில் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். தேயிலைச் சரிவில் பாடை தூக்குகிறவர்களுக்குக் கால் வழுக்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் அந்த அவசரம் எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவர் எப்படி இறந்தார்?

நோயில் கிடந்து வீட்டில் இறந்தவர் என்றால் பெரிய சிக்கல் இல்லை. கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் இறப்பின் காரணத்தை எழுதி வாங்குங்கள். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிடுங்கள்.

மற்றச் சாவுகள் அப்படியல்ல. தற்கொலை, பிறரால் கொலை, விலங்கால் சாவு, இயந்திரத்தால் சாவு, விபத்து, சந்தேகத்துக்கு இடமான சாவு: இவற்றில் காவல் நிலையத்துக்குச் சொல்லி, விசாரணை முடிந்த பிறகே உடலை எடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இந்தப் பட்டியல் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. விலங்கு, இயந்திரம் என்ற சொற்களைப் படிக்கும்போதெல்லாம், யானையும் காட்டெருமையும் தேயிலைத் தொழிற்சாலையும் உள்ள நம் மலையை நினைத்தே எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றும்.

ஒரு தோட்டத்தில் காட்டெருமை முட்டி ஒருவர் இறந்தார். பார்த்தவர்கள் பத்துப் பேர். "ஆஸ்பத்திரிக்குப் போனால் உடம்பை அறுத்துவிடுவார்கள்" என்று பெரியவர்கள் பயந்து, இருட்டுவதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. பிறகு மனைவி இழப்பீடு கேட்டுப் போனபோது பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டார்கள். அது எப்படி இருக்கும்? பன்னிரண்டாம் நாள், வட்டாட்சியரும் மருத்துவரும் வர, நான் பக்கத்தில் நிற்க, குழியைத் தோண்டினோம். மேட்டின் மேல், தேயிலைச் செடியை வெட்டிவிட அவர் வைத்திருந்த கவ்வாத்துக் கத்தியைச் செருகி வைத்திருந்தார்கள். மண்வெட்டி விழுவதற்கு முன் அந்த அம்மா வந்து, கத்தியைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்து மண் தள்ளும்வரை உட்காரவே இல்லை. இரண்டாவது முறை அவரை அடக்கம் செய்த அன்றைக்கு, முதல் நாளே ஒரு தகவல் அனுப்பியிருந்தால் போதுமே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

புதைத்ததால் அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வாய்ப்பாவது இருந்தது. எரித்திருந்தால்? சாம்பலிடம் காயம் எங்கே என்று யாரும் கேட்க முடியாது. ஆகவே தகனம் செய்கிறவர்கள் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பதிவாளர் கொடுக்கும் பச்சைத் தாள் கைக்கு வந்த பிறகுதான் சாதாரணச் சாவிலும் அடக்கமோ தகனமோ நடக்கும். நம் ஊரில் பெரும்பாலும் ஊராரின் பொறுப்பை நம்பித்தான் காரியம் நடக்கிறது.

இரவு முழுக்கப் பிணவறை வாசலில் குளிரில் காத்திருப்பது கொடுமை, மறுக்கவில்லை. வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. கொலை, தற்கொலை போன்றவற்றுக்குப் பொதுவாக அது பொருந்தாது. மற்றவற்றில் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை.

இன்னொன்று, பெயர். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களின் குடும்பங்களில் பழைய தாளில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர், தோட்டத்தில் கூப்பிடுவது ஒரு பெயர். இறப்புச் சான்றில் ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிதழும் சேமநல நிதியும் மாதக்கணக்கில் நின்றுபோகும். ஆகவே மருத்துவமனையில் உடலை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன், படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

வணக்கம்.