கம்ப்யூட்டர் கச்சேரிக்கு வந்த ஆட்கள்

(வாசகசாலை ஆண்டுவிழாவில் பேசியது. இருமலும் கைதட்டலும் நீக்கி எழுதப்பட்டது.)

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவி அம்மா அவர்களே, அம்மன் கோயில் டிரஸ்டி அண்ணாச்சி அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! ஐயா எனக்குக் கணக்கு எடுத்தவர்கள். அதனால் இன்றைக்கு எண்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நூலகர் தங்கச்சி, மைக் செட் தம்பி, முன்வரிசையில் துண்டைப் போட்டுவிட்டு முறுக்கு வாங்கப் போயிருக்கிற தாய்மார்கள், எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய டிரஸ்டி அண்ணாச்சிக்குத் தனி நன்றி. போன வருஷம் போர்த்தியதும் இதே பொன்னாடைதான் என்று நினைக்கிறேன், காப்பிக் கறை அதே ஓரத்தில் இருக்கிறது. இருக்கட்டும், மனசுதானே பெரிசு.

கம்ப்யூட்டர் இசைக்குழுவின் கற்பனை உறுப்பினர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்தி சொல்லப்போகிறேன். ஒன்று, அந்தக் குழுவில் யார் யார். இரண்டு, கம்ப்யூட்டர் பாடக் கற்ற வரலாறு. மூன்று, சுசீந்திரம் கோயில் இசைத்தூணுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு. அதற்கு முன்னால் ஒரு பழமொழி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலாவது இறங்கியிருக்கிறேனா? சிரிக்கிறீர்கள், சரி.

1991-ல் கீபோர்டு கம்பெனிக்காரர்கள் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டார்கள். ஜெனரல் மிடி என்று பேர். மொத்தம் 128 சத்தம். எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் 1 என்றால் பியானோதான். நம் தேசத்திலிருந்து சித்தாருக்கு 105, ஷெனாய்க்கு 112. நாதஸ்வரம் இல்லை. வீணை இல்லை. உடுக்கையை யாரும் நினைக்கவே இல்லை. சரி, இடம் இல்லை போல என்று பார்த்தால் 123 கடலலை. முட்டத்துக்காரனும் குளச்சல்காரனும் அதைக் காசு கொடுத்தா கேட்பான்? 125 டெலிபோன் மணி, 126 ஹெலிகாப்டர், 127 கைதட்டல், 128 துப்பாக்கி! வீணைக்கு நிற்க இடமில்லாத சபையில் துப்பாக்கிக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

இனி ஆட்கள். முதலில் பத்தாம் சேனல் அண்ணாச்சி. மிடி என்பது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கிற பாஷை. அதில் 16 சேனல், ஆளுக்கு ஒரு வழி மாதிரி. பத்தாவது தாளக்காரருக்கு என்று எழுதிவைத்துவிட்டார்கள். சாயா கேட்க மாட்டார், வெற்றிலை கேட்க மாட்டார், முன்பணம் கேட்கவே மாட்டார். கமிட்டிக்காரர்களுக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு குறை, தலை நிமிர்ந்து எதிரில் யார் நிற்கிறார் என்று பார்க்கமாட்டார்.

அடுத்து குவாண்டைஸ் சார், பி.டி. வாத்தியார். எந்த அடி அரை இம்மி தள்ளி விழுந்தாலும் காதைப் பிடித்து வரிசையில் நிறுத்துவார். அப்புறம் ஆட்டோட்யூன் அத்தான், விலகின சுருதியைச் சரிபண்ணுகிற மென்பொருள். 1997-ல் பிறப்பு. இவரைப் பெற்ற பொறியாளர் அதற்கு முன்னால் பூமிக்குள் ஒலி அனுப்பி எண்ணெய் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற கணக்கு வேலையில் இருந்தவர். நம்ம பாடகர்கள் தொண்டையில் சுருதி எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று தேட அந்த அனுபவம் வேண்டித்தான் இருக்கிறது! கடைசியாக ஜப்பான் பொண்ணு ஹட்சுனே மிக்கு, கம்ப்யூட்டரில் பாடுகிற கற்பனைப் பாடகி. 2007-ல் பதினாறு வயசு, இன்றைக்கும் பதினாறு. மார்க்கண்டேயனுக்கு அப்புறம் இவள்தான்.

வரலாறு கேட்டீர்கள் என்றால், 1961-லேயே அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஒரு கம்ப்யூட்டர் பாடிவிட்டது. இரண்டாவது செய்தி முடிந்தது.

இப்போது ஒரு கதை. ஊர்ப் பேர் கேட்கப்படாது. தோவாளைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மன் கொடை, கோயில் திருவிழா. வில்லுப்பாட்டுக்குச் செலவு கூடுதல் என்று, கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்கள் கூட்டத்தில் தீர்மானம் ஆகிவிட்டது. ஒரு கீபோர்டு, ஒரு தம்பி, ஒரு பென்டிரைவ். நடுச்சாமப் பூசை. அம்மன் அருள் வந்து ஆடுகிற கோமரத்தாடி குளித்து, ஈரத்தோடு சிவப்புப் பட்டு கட்டி, வேப்பங்குழையோடு நிற்கிறார். தம்பி ஷெனாய்க்கு 112 தட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் 125 தட்டிவிட்டான். அம்மன் வரத்து முழுக்க டெலிபோன் மணி! கூட்டமே மடியைத் தடவுகிறது. கோமரத்தாடியும் தடவினார். "எடும் வே, துபாய்ல இருந்து மவன் கூப்பிடுகானா இருக்கும்" என்கிறாள் ஒரு ஆச்சி. தம்பி பதறி அடுத்ததைத் தட்டினான். 126. பிள்ளைகள் எல்லாம் வானத்தைப் பார்க்க, ஒரு பிரமுகர் "மந்திரி வாறாரா?" என்று சட்டைப் பொத்தானைப் போட்டார். அதற்கும் அடுத்தது 127. இன்னும் அருளே வரவில்லை, அதற்குள் கைதட்டல்! அவன் 128-க்குப் போகும் முன்னே பூசாரி வயரைப் பிடுங்கிவிட்டார்.

பென்டிரைவில் வில்லுப்பாட்டு இருந்தது, போட்டார்கள். நல்ல பதிவுதான். ஆனால் கோமரத்தாடிப் பெரியவர் நின்றது நின்றபடி. நேரில் வில் இருந்தால், பாட்டை நடத்துகிற புலவர் அவர் காலையேதான் பார்ப்பார். பெருவிரல் துடிக்கத் தொடங்கினால் குடம் அடிக்கிற குடக்காரருக்கு ஒரு கண்சாடை. கமுகம்பாளைப் பட்டை குடத்தின் வாயில் இறுகி விழும், வில்லில் அடிக்கிற வீசுகோல் நெருங்கும். ஆள் தளர்ந்தால் வேகத்தை இறக்கி, மறுபடி ஏற்றுவார்கள். பென்டிரைவ் தன்பாட்டுக்கு ஏறித் தன்பாட்டுக்கு முடிந்துபோயிற்று. பெரியவருக்கு அதற்கப்புறம்தான் உள்ளங்கால் சுட ஆரம்பித்திருக்கிறது.

பைக்கில் ஆள் போய்க் குடக்காரரை எழுப்பினார்கள். திண்ணையில் படுத்தவர் எழுந்திருக்காமலே கேட்டாராம், "சாமிக்குன்னா வாறேன். போன கொடைக்குள்ள பாக்கி யாருடே தருவா?" கமிட்டிக்காரர் மடியிலிருந்து எண்ணி வைத்த பிறகுதான் குடத்தில் பட்டை விழுந்தது. அப்புறம் அம்மன் வரத் தாமதம் இல்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வில்லுக்காரருக்கு ஒரு பக்கம் பென்டிரைவ் இடிக்கிறது. மறுபக்கம் "நம்ம ஊர்க்காரன்தானே, குறைச்சு வாங்கும்" என்று நாம் இடிக்கிறோம். கீபோர்டு தம்பிமேல் எனக்குக் கோபம் கிடையாது. கல்யாண சீசன் முடிந்தால் அவனுக்கும் இரண்டு பக்கம்தான்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். கொடை நோட்டீசில் உபயதாரர் பேர் அரைப்பக்கம் வருகிறது. வில்லு புலவர் பேரோடு குடம், உடுக்கை, தாளம், கட்டை அடிப்பவர் பேரும் வரட்டும். நாள் குறித்த அன்றைக்கே முன்பணம் கையில் போகட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வாசகசாலை மாடி சும்மாதான் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு வில் சொல்லிக்கொடுக்க அதைத் திறந்துவிடுங்கள். கலைவாணர் பிறந்த ஒழுகினசேரி இருக்கிற ஜில்லாவில் இதற்கு ஒரு கெஞ்சல் வேண்டுமா? நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியத்தில் பதியாதவர்கள் என்னிடம் வாருங்கள், விண்ணப்பம் நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து நோட்டு ஒன்று பின்வரிசையிலிருந்து வருகிறது, முறுக்கு எண்ணெய் படாமல் போடுங்கள்.

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். இசைத்தூண் பாக்கி, அடுத்த வருஷமும் கூப்பிடுவீர்கள்தானே? டிரஸ்டி அண்ணாச்சி, எழுந்துவிடாதீர்கள். வருகிற கொடைக்கு வில்லுக்கு எவ்வளவு முன்பணம் என்று ஜனங்கள் முன்னால் சொல்லிவிட்டுப் போங்கள். தம்பி, மைக்கை அண்ணாச்சி கையில் கொடு.