உங்கள் கதைக்கு இரண்டு நிமிடம்

(குடிநோயிலிருந்து மீண்டு, மற்றவர்களுக்குத் துணைநிற்கப் பயிற்சி பெறுவோரிடமும் சிகிச்சையில் ஆலோசனை தரும் கவுன்சிலர்களிடமும் சென்னையில் ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம்.

குடிநோய்க்குச் சிகிச்சை சென்னைக்குப் புதிதல்ல. அடையாறு பக்கம் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை 1980-லேயே தொடங்கிவிட்டது. குடித்தவரே குடித்தவருக்குக் கைகொடுக்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பு அதற்கும் மூத்தது, 1935-இல் அமெரிக்காவில் பிறந்தது. பிறகு எதற்குத் தனியாக இந்தப் பயிற்சி என்று கேட்பீர்கள். ஏ.ஏ. கூட்டத்தில் உங்கள் கதையைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மீண்டு வந்து மற்றவருக்குத் துணைநிற்பவரைத்தான் இங்கே துணைவர் என்கிறோம். அப்படித் துணைவராக நீங்கள் ஒருவர் எதிரே உட்காரும்போது அதே கதையை அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது. சிரமமே அதில்தான்.

அதனால் முதல் பயிற்சி இது. மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் குடியை விட்டு இருபது நாள் ஆனவர், ஒருவர் துணைவர், மூன்றாமவர் கையில் தாளும் பேனாவும். பத்து நிமிடம் பேச்சு. துணைவர் வாயில் 'நான்', 'எனக்கு', 'என் காலத்துல' வரும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு. முதல் நாள் பாருங்கள், தாள் முழுக்க வேலி போட்ட மாதிரி இருக்கும்.

"சனிக்கிழமை கூலி கைக்கு வந்தா காலு தானா அந்தப் பக்கம் போவுதுண்ணே" என்கிறார் வந்தவர். "எனக்கும் அப்படித்தாம்பா, நான் என்ன பண்ணேன் தெரியுமா" என்று துணைவர் ஆரம்பித்தால் பத்து நிமிடமும் போச்சு. கேட்க வேண்டியது வேறு: "கூலி எத்தனை மணிக்குத் தராங்க தம்பி? எந்த வழியா வீட்டுக்குப் போற?" டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. கூலி மாலை ஆறு மணிக்கு என்றால், தாண்ட வேண்டியது நான்கு மணி நேரம். கூலியை மனைவி கணக்குக்கு ஜிபே பண்ணச் சொல்லலாமா, வேறு பஸ் பிடிக்கலாமா, கிளம்பும் முன் வயிற்றுக்கு ஏதாவது போடலாமா? பசியும் களைப்பும் சேர்ந்தால் ஆசை கூடும். இதெல்லாம் அவர் வாயாலேயே வர வேண்டும். நாம் எழுதிக் கொடுத்த திட்டம் சட்டைப்பையோடு துவைக்கப் போய்விடும். உங்கள் கதை அவருக்கு உதவும் என்று தோன்றினால் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்துக்குள்.

அடுத்தது உயிர் விஷயம். தினமும் நிறையக் குடித்தவரை "இன்னையோட விட்டுடு" என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, இடம் பொழுது தெரியாமல் உளறுவது என்று முற்றலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். இங்கே துணைவரின் வேலை 108-ஐ அழைப்பது, கூடப் போவது, எவ்வளவு குடித்தார், எப்போது நிறுத்தினார் என்று டாக்டரிடம் சரியாகச் சொல்வது. அவ்வளவுதான்.

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாமா என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். அவர்கள் பட்ட பாடு அப்படி. ஆனாலும் கூடாது. அந்த மாத்திரையின் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, இதய நோயாளி சாகவும் கூடும். நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கலாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்களுக்கு வேறு ஆபத்து: மறுவாழ்வு சென்டரில் இருந்து வெளியே வரும்போது உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். இதை வெளியே வரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரகசியம் காப்பது பற்றி எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். அவர் நம்பரை உங்கள் போனில் 'குடி முருகன்' என்று பதிந்திருந்தால், பக்கத்தில் நிற்பவர் கண்ணில் பட்ட நிமிடமே ரகசியம் போச்சு. 'நூறு நாள் ஆச்சு' என்று போட்டோவை வாட்ஸ்அப்பில் போடுவதும் இதே கணக்குத்தான். உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக அவர் சொன்னால் மட்டும் மறைக்காதீர்கள். உடனே கவுன்சிலரிடம் சொல்லுங்கள், அப்படிச் சொல்வோம் என்பதை அவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

சென்டர் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேறி வந்த நோயாளியைக் கதவுக்குக் காவல் நிறுத்தி, அடங்காதவரைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டு அதற்குத் துணைவர் என்று பெயர் வைக்காதீர்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது, போதைப் பழக்கத்தால் வரும் மனநோயும் அதற்குள் வரும். டீச்செலவு மட்டும் கொடுத்து ராத்திரியெல்லாம் போன் எடுக்க வைத்தால், ஆறாவது மாதம் துணைவரே சறுக்குவார். சம்பளம் கொடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் கவுன்சிலர் அவரோடு தனியாக உட்காரட்டும். சறுக்கினால் முதலில் யாரிடம் சொல்வது என்று ஒரு பெயரையும் நம்பரையும், வேலையில் சேரும் நாளிலேயே, அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நாற்காலிகளைத் திருப்பிப் போடுங்கள். மூன்று மூன்று பேர்.